நான்கு கடையிலிருந்தா, ஒரே குடோனிலிருந்தா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம் என நான்கு இடங்களில் பாத்திரக் கடை நடத்துகிறீர்கள். வாட்ஸ்அப்பிலும் சொந்த இணையதளத்திலும் நாளுக்கு 90 ஆர்டர் வரை வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு வடசென்னைக்குள், மீதி வெளியூர். மாதவரத்தில் 3,000 சதுர அடியில் ஒரு குடோன் வாடகைக்குக் கிடைக்கிறது. எல்லா ஆர்டரையும் அங்கிருந்தே அனுப்பிவிடலாம் என்கிறார் உங்கள் அண்ணன். கடைகள் இருக்கும்போது குடோன் வாடகை தண்டம், எந்தக் கடை பக்கத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே அனுப்பினால் போதும் என்கிறார் உங்கள் மகன்.

இருவரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், சரக்கைப் பற்றிப் பேசவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடங்கு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குக்கர் நான்கு கடையிலிருந்தும் போகட்டும், கேஸ்கெட் ஒரே இடத்திலிருந்து போகட்டும், சீர்வரிசைப் பாத்திரம் வேறெங்கும் இல்லாமல் வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து மட்டும் போகட்டும். குழப்பமாகத் தெரியும். கேஸ்கெட்டிலிருந்து தொடங்கினால் புரியும்.

ஒரு குறிப்பிட்ட சைஸ் குக்கர் கேஸ்கெட், அதாவது மூடிக்குள் போடும் ரப்பர் வளையம், ஒவ்வொரு கடையிலும் மாதத்துக்குச் சராசரியாக 4 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரிதான் 4. ஒரு மாதம் ஒன்றுகூடப் போகாது, அடுத்த மாதம் 9 பேர் வந்து நிற்பார்கள். அந்த 9 பேருக்காக ஒவ்வொரு கடையும் கூடுதலாகக் கொஞ்சம் வைத்துக்கொள்கிறது. நான்கு கடையிலும் அந்தக் கூடுதல் இருப்பு தூங்குகிறது. அதையே ஒரே இடத்தில் வைத்தால், பெரம்பூரில் அதிகம் கேட்கும் மாதத்தில் திருவொற்றியூரில் குறைவாகக் கேட்டிருப்பார்கள், ஏற்றமும் இறக்கமும் ஒன்றை ஒன்று சமன்செய்யும். இதற்கு வர்க்கமூல விதி என்று பெயர். 1976-இல் டேவிட் மைஸ்டர் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. கூடுதல் இருப்பை இடங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளலாம்: நான்கு இடத்தின் கூடுதல் இருப்பை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால் பாதி போதும், ஒன்பது இடத்தை ஒன்றாக்கினால் மூன்றில் ஒரு பங்கு போதும். கேஸ்கெட், குக்கர் கைப்பிடி, மிக்சி ஜார் மூடி, அபூர்வமாகக் கேட்கும் அளவுச் சட்டிகள் எல்லாம் இந்த வகை. ரகம் நிறைய, ஒவ்வொன்றும் விற்பது கொஞ்சம்.

ஆனால் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுவார்கள். குறைவது அவசரத்துக்கு வைக்கும் கூடுதல் இருப்பு மட்டுமே, அன்றாடம் விற்கும் சரக்கு குறையாது. இன்னொன்று, ஒரு கடையின் ஏற்றமும் மற்ற கடையின் ஏற்றமும் வெவ்வேறு நேரத்தில் வந்தால்தான் கணக்கு பலிக்கும். பொங்கல் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறப்பதற்கு முந்தைய வாரம் நான்கு கடையிலும் ஒரே நேரத்தில் கூட்டம். யாருடைய குறைவும் யாருடைய நிறைவையும் ஈடுகட்டாது. பானையைக் குடோனில் குவித்து வைத்தால், அந்த வாரம் முழுக்கக் குடோனுக்கும் கடைக்கும் டாடா ஏஸ் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. குடோன் எடுத்தால் சரக்கு ஒரே இடத்துக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார். கடைகளை மூடப்போகிறீர்களா? இல்லையே. கடைக்கு நேரில் வருகிறவருக்குக் காட்டச் சரக்கு வேண்டும். ஆக நான்கு ஒன்றாகவில்லை, ஐந்தாகிறது. ஐந்தாவது இடத்துக்கும் முதல் போட வேண்டும். மெதுவாக விற்கும் சரக்கைக் கடைகளிலிருந்து துணிந்து திரும்ப எடுத்து, கடைக்கு ஒரு மாதிரிப் பொருளை மட்டும் அலமாரியில் விட்டு, விற்றால் குடோனிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லும் அளவுக்குப் போனால் மட்டுமே குடோன் தன் வாடகையைச் சம்பாதிக்கும். கடைப் பொறுப்பாளர்கள் இதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். அலமாரி நிறைந்திருப்பதில் அவர்களுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது.

இனி உங்கள் மகன் கட்சி. கடையிலிருந்தே அனுப்புவது ஒன்றும் ஏழை வழியல்ல. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் தன் விற்பனையில் 95 சதவீதத்துக்கும் மேல் கடைகளின் வழியாகவே நிறைவேற்றுவதாகச் சொல்கிறது, இணையத்தில் வரும் ஆர்டரும் அதில் சேர்த்தி. அமேசான்கூட 2023-இல் தன் அமெரிக்க வலையமைப்பை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து, முடிந்தவரை அந்தந்த வட்டாரத்துச் சரக்கை அங்கேயே கொடுக்கும்படி மாற்றிக்கொண்டது. மறுபக்கம், ஸாரா துணிக்கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ் ஸ்பெயினில் இருக்கும் மையக் கிடங்குகளிலிருந்து உலகம் முழுக்க உள்ள கடைகளுக்கு வாரம் இருமுறை சரக்கு அனுப்பியே பெரிய நிறுவனமானது. இரு வழியிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் எந்தச் சரக்கு எந்த அலமாரியில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு இருக்கிறது. உங்களிடம் அது இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் கடையிலிருந்தே ஆர்டர் அனுப்பும் திட்டம் தொடங்கி இரண்டாவது வாரம், 5 லிட்டர் குக்கர் ஒன்று கொடுங்கையூருக்குப் போனது. மறுநாள் காலை அந்த வீட்டு அம்மாள் போன் செய்தார். குக்கர் இருக்கிறது, மூடி இருக்கிறது, விசில் வெயிட்டைக் காணவில்லை. கடையில் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. நேரில் வந்த வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேருக்கு அந்தப் பெட்டியைத்தான் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வெயிட்டைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டுக் கல்லா மேஜையில் வைத்திருக்கிறார்கள். அது கல்லாவின் இழுப்பறையில் சில்லறையோடு கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைக் கொடுக்க ஒரு பையன் பெட்ரோல் போட்டுப் போய்வந்தான். அந்தக் குக்கரில் கிடைத்த லாபம் அதோடு போயிற்று.

கடைச் சரக்கு கைபட்ட சரக்கு. குடோன் சரக்கு கைபடாத சரக்கு. எவர்சில்வரில் ஒரு விரல் தடம் விழுந்தாலும் வெளிச்சத்தில் தெரியும். ஆகவே கடையிலிருந்து அனுப்புவதென்றால் காட்டும் பெட்டி வேறு, அனுப்பும் பெட்டி வேறு என்று பிரித்து, காட்டும் பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அந்தப் பெட்டி இணையக் கணக்கில் வரவே கூடாது. கணக்கில் இருப்பு 2-க்குக் கீழே இறங்கினால் இணையதளத்தில் இல்லை என்று காட்டும்படி வையுங்கள். கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது என்று சொல்லும் நேரத்தில் அந்த ஒன்று யாரோ ஒருவர் கையில் பில்லுக்காகக் காத்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆட்களின் மனம். இணைய ஆர்டரைப் பெரம்பூர்க் கடை கட்டி அனுப்பினால் அந்த விற்பனை யார் கணக்கில் சேரும்? தலைமை அலுவலகக் கணக்கில் சேருமென்றால், கடைப் பொறுப்பாளர் நல்ல சரக்கை நேரில் வருகிறவருக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இணைய ஆர்டருக்கு இல்லை என்று பதில் போடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய மாத இலக்கு அவருக்கு. அனுப்பும் கடையின் விற்பனையிலேயே சேருங்கள். பாதி 'இல்லை'கள் ஒரே வாரத்தில் காணாமல்போகும்.

நம் ஊரின் அமைப்பை உங்கள் வீட்டில் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. வடசென்னையைத் தெற்கு வடக்காக இரண்டு கோடுகள் கிழிக்கின்றன. ஒன்று பக்கிங்காம் கால்வாய், மற்றொன்று பேசின் பிரிட்ஜிலிருந்து கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயில் பாதை. கிழக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர், மாதவரம். கடக்கும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாதவரத்திலிருந்து திருவொற்றியூர் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். மணலி வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் மாட்டிக்கொண்ட டெலிவரிப் பையனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கும் தெரியும், இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது.

எனவே வடசென்னைக்குள் போகும் 60 ஆர்டருக்கு ரயில் பாதைதான் எல்லை. கோட்டுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டையோ திருவொற்றியூரோ கொடுக்கட்டும், மேற்கே இருப்பவர்களுக்குப் பெரம்பூரோ மாதவரமோ கொடுக்கட்டும். கோட்டைத் தாண்டி அனுப்புவதைவிட ஒரு நாள் தாமதமாக அனுப்புவது மேல். ஒரே ஒரு விலக்கு, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம். அப்போது வண்ணாரப்பேட்டைக் கடைவீதியான எம்.சி. ரோட்டுப் பக்கம் இருசக்கர வண்டி நுழையவே முழி பிதுங்கும், கடைக்குள் பார்சல் கட்ட ஒரு முழம் இடம் இருக்காது. அந்த நாட்களில் வண்ணாரப்பேட்டைக் கடையை இணைய ஆர்டர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டுத் திருவொற்றியூரின் தலையில் கட்டுங்கள்.

வெளியூர் ஆர்டர் 30-க்கும் கதை தலைகீழ். அதை நான்கு கடையிலிருந்து அனுப்புவது பணத்தைக் கால்வாயில் கொட்டுவதற்குச் சமம். பாத்திரத்துக்கு எடையைவிட இடமே எதிரி. கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வது வழக்கம். உண்மை எடை, இந்தக் கணக்கெடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 40 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டியில் 3 கிலோ தவலை ஒன்றை அனுப்பினால் 64,000-ஐ 5,000-ஆல் வகுத்து 12.8 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அந்தத் தவலைக்குள் அதே வாடிக்கையாளர் கேட்ட சட்டியும், சட்டிக்குள் டம்ளர்களும், டம்ளருக்குள் கரண்டியும் உட்கார்ந்தால் கட்டணம் மாறாது. நம் பாட்டிகள் பரணில் அடுக்கிய அதே வித்தைதான். ஆனால் தவலை பெரம்பூரிலும் சட்டி திருவொற்றியூரிலும் இருந்தால் இரண்டு பெட்டி, இரண்டு கட்டணம், வாடிக்கையாளருக்கு இரண்டு நாள் வெவ்வேறு நேரத்தில் கதவைத் திறக்கும் எரிச்சல். வெளியூர் ஆர்டர் ஓரிடத்தில் சேர்ந்து ஓரிடத்திலிருந்து கிளம்ப வேண்டும். திரும்பி வரும் பார்சலுக்கும் அதே முகவரி. நான்கு கடைக்கும் திரும்பி வந்தால் எது நசுங்கியது, எது மறுபடி விற்கத் தக்கது என்று பார்க்க ஆளிருக்காது, மேஜைக்கு அடியில் தூசி படியும்.

சீர்வரிசையைத் தனியாகச் சொன்னேன் அல்லவா. உங்களிடம் பெயர் வெட்டுகிறவர் வண்ணாரப்பேட்டைக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் விவாதமே இல்லை. பாத்திரத்தில் மணமகள் பெயரும் ஊரும் தேதியும் வெட்டிய பிறகு அது வேறு யாருக்கும் விற்காது. ஓர் எழுத்துப் பிழை என்றால் முழுப் பாத்திரமும் பழைய எவர்சில்வர் விலைக்குத்தான் போகும். வெட்டும் கையும், சரிபார்க்கும் கண்ணும், கட்டும் ஆளும் ஒரே கூரைக்கடியில் இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் பெயரைத் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, சரி என்ற பதில் வந்த பிறகே உளியை எடுக்கச் சொல்லுங்கள்.

சட்ட விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டுக்குள் இன்னொரு கிடங்கு வைத்தால் புதிய ஜிஎஸ்டி எண் தேவையில்லை, இருக்கும் பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்தால் போதும். உங்கள் குடோனிலிருந்து உங்கள் கடைக்குப் போகும் சரக்கு விற்பனை அல்ல, டெலிவரி சலானில் போகலாம். இங்கே மாநிலத்துக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, தேவை. எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தடாவில் வாடகை மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அது ஆந்திரம். தனிப் பதிவு எடுக்க வேண்டும், சொந்தச் சரக்கை அங்கே அனுப்பினாலே வரி விதிக்கப்படும். பிறகு வரவு வைத்துக்கொள்ளலாம் என்பது சரிதான், அதுவரை உங்கள் பணம் முடங்கும்.

காப்பீட்டுக்கு வருவோம். தீ, வெள்ளக் காப்பீட்டில் எழுதிய முகவரியில் இருக்கும் சரக்குக்குத்தான் இழப்பீடு. நான்கைந்து இடத்தில் சரக்கு மாறிக்கொண்டே இருந்தால் எல்லா முகவரியையும் ஒரே தொகைக்குள் அடக்கும் ஃப்ளோட்டர் பாலிசி கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் பொறுப்பில் இருந்த குடோனில் தண்ணீர் கீழிரண்டு தட்டு வரை ஏறியது. மூன்றாம் நாள்தான் உள்ளே போக முடிந்தது. எவர்சில்வருக்கு ஒன்றுமில்லை, கழுவித் துடைத்தால் புதுசு. ஆனால் அட்டைப் பெட்டிகள் கூழாகிவிட்டன. பெட்டி இல்லாத குக்கரை யாரும் புதிது என்று நம்பி வாங்க மாட்டார்கள். அருகே இருந்த மிக்சி, கிரைண்டர் மோட்டார்கள் மொத்தமும் நாசம். அதைவிட மோசம், எல்லாம் அங்கேயே இருந்ததால் பதினோரு நாள் ஓர் ஆர்டரும் வெளியே போகவில்லை. மேட்டில் இருந்த எங்கள் கடைகள் இரண்டு திறந்துதான் இருந்தன, ஆனால் விற்க அவற்றில் சரக்கில்லை. ஒரே கூடையில் வைப்பதன் விலை அன்று தெரிந்தது. வேகமாக விற்கும் சரக்கை நான்கு கடையிலும் வைக்கச் சொல்வதற்கு டெலிவரி வேகம் பாதிக் காரணம், அந்தப் பதினோரு நாள் மீதிக் காரணம்.

சரி, குடோனை எடுக்கலாமா? வாடகை சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 60,000. மூன்று ஆள் சம்பளம் தலைக்கு 15,000 வீதம் 45,000. மின்சாரம், அட்டை, டேப், இதர செலவு 10,000. ஆக 1,15,000. உங்கள் 90 ஆர்டரும் அங்கிருந்து போனால், மாதம் 26 நாளுக்கு 2,340 ஆர்டர், ஒன்றுக்கு 49 ரூபாய் விழுகிறது. நான் சொல்வதுபோல வெளியூர் 30 மட்டும் போனால் 780 ஆர்டர், ஒன்றுக்கு 147 ரூபாய். பாத்திர லாபத்தில் 147 தாங்காது என்பது என் கணிப்பு, உங்கள் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 49-ஐப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அதில் கால்வாயைத் தாண்டும் பெட்ரோலும் நேரமும் சேரவில்லை.

ஆகவே இப்போதைக்கு 3,000 சதுர அடி வேண்டாம். உங்கள் மாதவரம் கடைக்கு மாடி இருக்கிறதென்றால் அதைக் காலி செய்து 500 சதுர அடியில் தொடங்குங்கள். பார்சல் லாரி அலுவலகங்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். முதலில் நான்கு கடையின் கேஸ்கெட்டையும் உதிரிகளையும் அங்கே கொண்டுவாருங்கள். அடுத்து, கடந்த மூன்று மாதத்தில் ஒரு கடையில் ஒன்றோ இரண்டோ மட்டும் விற்ற பாத்திரங்களை. வெளியூர் ஆர்டரை அங்கே மாற்றுங்கள். தினமும் காலையில் ஒரே வண்டி, மேற்குக் கடையிலிருந்து கிழக்குக்கு ஒரு நடை, திரும்பும்போது கிழக்கிலிருந்து எடுத்து வரவேண்டியதை எடுத்து ஒரு நடை. அதற்கிடையில் ஒவ்வொரு கடையிலும் நாளுக்கு 20 ரகம் என்று எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கணக்கும் அலமாரியும் நூற்றுக்கு 97, 98 ஒத்துப்போகும் வரை மகன் திட்டத்தை முழுதாக ஓட்ட முடியாது. 85-இல் ஓட்டினால் ஏழு ஆர்டருக்கு ஒன்று மன்னிப்பில் முடியும்.

வெளியூர் ஆர்டர் நாளுக்கு 80-ஐத் தொட்டால் அண்ணன் சொன்ன குடோனைத் தேடலாம். அப்போது மாதவரமோ புழலோ செங்குன்றமோ, பார்க்கப் போகும்போது வெயில் நாளில் போகாமல் மழை நின்ற மறுநாள் போங்கள். லாரி உள்ளே திரும்ப இடமிருக்கிறதா, ஷட்டர் உயரம் போதுமா என்று பார்த்த பிறகு சுவரைப் பாருங்கள். புதுப் பெயின்ட் மேலே இல்லாமல் இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருந்தால், அட்வான்ஸ் பேச்சை எடுக்காமல் அடுத்த குடோனுக்குப் போய்விடுங்கள்.